ராஜாத்தியை வித்த வருசம்

தம்பி, அந்தப் போன் சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க சாமி. காது நோவுதுன்னு சொல்லலைங்க. அந்த ஆளு பேசறதக் கேட்டா எனக்கு வவுறு எரியுது. மாசம் லட்ச ரூவா வருமாம். இருவது மாடு கட்டோணுமாம். ஃபேன் போட்டு, பாட்டுப் போட்டு, மேல தண்ணி தெளிச்சு உடோணுமாம். அவனுக்குப் பின்னால ஒரு மாடு நிக்குது பாருங்க. அதோட மடியப் பாருங்க, ஒரு பக்கம் வீங்கிக் கெடக்குது. அதைத் திரும்பிப் பாக்காம லாபம் சொல்லிட்டு நிக்கிறான்.

நீங்களும் பண்ணை போடலாம்னு இருக்கீங்களா? பெங்களூர்ல வேலைங்களா? உட்டுப்போட்டு வந்து மாடு கட்டப் போறீங்களா. நல்லதுதான். நான் வேண்டாம்னு சொல்லல. ராசிபுரம் வரைக்கும் போறீங்கன்னா எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு. நான் வையப்பமலை தாண்டி ஆலாங்காட்டுப் பிரிவுல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். அந்த ஆள அமத்தி வெச்சுட்டு என்னைக் கேளுங்க.

என்ற பேரு பாவாயிங்க. திருச்செங்கோட்டுக்கு மேக்கால எங்க காடு தோட்டம். மாட்டுல லாபம் பாத்தவ நானு. சும்மா சொல்லல, எங்க சுத்துவட்டாரத்துல ஆரை வேணாலும் கேளுங்க. எப்படிப் பாத்தேன்னு கேட்டா சிரிப்பீங்க. எல்லாரும் மாட்டை வாங்கி லாபம் பாப்பாங்க. நான் வித்துப் பாத்தேன்.

சிரிக்காதீங்க. கேளுங்க.

எங்கூட்டுக்காரரு பேரு செங்கோடன். ரிக் வண்டில போயிட்டிருந்தாருங்க. உங்களுக்குத் தெரியுமே, எங்க பக்கத்து ஆளுக வடக்க முச்சூடும் போயிப் போர் போடறவங்க. ஊரு ஊரா தண்ணி எடுத்துக் குடுப்பாங்க. எங்க காட்டுப் போர்ல கையை வெச்சா காத்துத்தான் வரும். அது ஒரு பக்கம் கெடக்கட்டும். அவருக்கு இடுப்புல அடிபட்டு, வண்டிய உட்டுப்போட்டு ஊட்டோட வந்துட்டாரு. அவருக்குப் பதிலா என்ற மகன் லோகநாதன் ரிக்குல ஏறிட்டான். இவரு சும்மா இருக்க மாட்டாம சந்தைக்குப் போயி ஒரு மாட்டை ஓட்டிட்டு வந்தாரு. கறுப்பும் வெள்ளையுமா, ஆள் ஒசரம். சீமை மாடு. ராஜாத்தின்னு பேரு வெச்சாரு.

பாக்கறதுக்கு ராஜாத்திதான். அதை நான் பொய் சொல்ல மாட்டேன். கறந்தா பாலு குடம் குடமா வந்துச்சு. ரோட்டுல போறவங்க வண்டிய நிறுத்திட்டுப் பாப்பாங்க. இவரு வெள்ளை வேட்டி கட்டிட்டு அதுக்குப் பக்கத்துல நின்னுக்குவாரு. கறக்கறது நானு. சாணி அள்ளறது நானு. வெய்யக்காலத்துல அதுக்கு மூச்சு வாங்குனா ஈரச்சாக்கைப் போத்தி உக்காந்து விசிறறது நானு. பக்கத்துல நிக்கறது அவரு.

அது போக இன்னும் மூணு மாடு. ஒரு கெழட்டு ஜெர்சி. கூழைக்கொம்பின்னு ஒண்ணு, நான் கன்னுல இருந்து வளத்தது. இன்னொண்ணு செவலை. அது என்ற மருமக சுகந்தி கண்ணாலம் ஆயி வர்றப்ப அவங்கப்பன் சீரோட சேத்து ஓட்டி உட்ட கெடாரிக் கன்னு. நல்ல மாடு. அவங்கப்பனுக்கு மாடு பாக்கத் தெரியும், அதை நான் எங்கயும் சொல்லுவேன்.

நாலு மாடு, அத்தனை பாலு. கைல காசு இருக்கோணுமல்லோ? இல்லீங்க. குழந்தைவேலுன்னு ஒரு பால் யாவாரி. அவன்தான் எங்கூர்ல பாலெடுப்பான். அவனே தீவனக் கடையும் வெச்சிருந்தான். பாலு ஊத்துவேன், மூட்டை எறக்குவான். பாலு ஊத்துவேன், மூட்டை எறக்குவான். கடைசில கணக்குப் பாத்தா நான்தான் அவனுக்குத் தரோணும்பான். பாலு எப்படி இருக்குதுன்னு ஒரு நாளும் கருவி போட்டுப் பாத்தது கெடையாது. எல்லாத்துக்கும் ஒரே வெலை. கேட்டா, "ஏனுங்க்கா, நம்மளுக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்"னு பல்லைக் காட்டுவான். எங்கூட்டுக்காரரும் அவனும் ஒரே டீக்கடைல உக்காருவாங்க. பின்ன எப்படி விடியும்?

அந்த வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. நம்ம காட்டுச் சோளத்தட்டு பத்தாம வெலைக்கு வாங்கற நெலைமை. ராஜாத்தி வெய்யில் தாங்காம படுத்துப் படுத்து எந்திரிக்குது. டாக்டரு வராத வாரமில்ல. ஒரு நாளு இவரு சோத்துத் தட்டு முன்னால உக்காந்துட்டுச் சொல்றாரு, "மாட்டுப் பொழப்பு நட்டம் பாவாயி. ராஜாத்திய மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை ஒட்டுக்கா வித்துரலாம். நீ நூல் மில்லுக்குப் போ. வேன் வருது."

ராஜாத்திய வெச்சுக்கிட்டு. கேட்டீங்களா? கூழைக்கொம்பியயும் மருமக மாட்டையும் விக்கறது. இவரு பக்கத்துல நின்னு படம் காட்டறதுக்கு அது ஒண்ணு நிக்கோணும். நான் இந்த வயசுல மில்லு வேன்ல ஏறோணும்.

சோத்தைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போனேன். ஆனா மனசுக்குள்ள ஒண்ணு விழுந்துருச்சு. நீ விக்கறயா நான் விக்கறேனா பாக்கலாம்னு.

அதுல பாருங்க, அந்தச் சமயத்துல சுகந்தி ஒரு நாளு தீவனப் பக்கெட்டைக் கைல வெச்சுட்டு நின்னுட்டே கேட்டா. "அத்தை, ராஜாத்தி ஒண்ணு திங்கறத வெச்சு செவலையும் கூழைக்கொம்பியும் ரெண்டும் திங்கலாம். அதுக்கு வாங்கற மூட்டைக்கும் வைத்தியத்துக்கும் போக மிச்சம் என்ன நிக்குது? இதுக ரெண்டும் நம்ம காட்டுச் சோளத்தட்டுலயே பாலு தருது"ன்னு. சின்னப் புள்ள, மாட்டைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்னு நான் காதுல வாங்கல. அப்புறம் பொழுதோட சாணி எடுத்துட்டு இருக்கறப்ப எனக்கே யோசனை வந்துச்சுங்க. ராஜாத்தியத்தான் விக்கோணும்னு. கெழட்டு ஜெர்சியயும் சேத்து. எனக்கு அப்படித்தான், வேலை செய்யறப்பத்தான் யோசனை வரும்.

இவரு அந்தச் சமயம் பாத்து ரிக்குல சமையலுக்கு ஆளில்லைன்னு மகன் கூப்புட்டான்னு சத்தீஸ்கர் பக்கம் போனாரு. மழைக்கு முந்தி வந்துருவேன்னாரு. அவரு பஸ்ஸு ஏறுனதும் நான் தரகனுக்குச் சொல்லி உட்டேன்.

ராஜாத்திய வண்டில ஏத்தறப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. கழுத்தைத் தடவிக் குடுத்தேன். அது மேல எனக்கு என்ன பகை? ஏரித் தண்ணியும் பச்சைப் புல்லும் இருக்கற ஊருக்குப் போகட்டும்னு ஆறு பாயற பக்கத்து ஆளாப் பாத்துத்தான் குடுத்தேன். நம்ம காட்டுக்கு அது பொருந்தாது. அவ்வளவுதான். இதைத்தான் உங்களுக்கும் சொல்றேன் தம்பி. எது எத்தனை கறக்குதுன்னு கேக்காதீங்க. தின்னது போக என்ன நிக்குதுன்னு கேளுங்க. உங்க காட்டுல என்ன வெளையுதோ அதைத் திங்கற மாடு உங்களுக்கு லாபம். மூட்டையப் பிரிச்சாத்தான் பாலு வரும்னா அது மூட்டைக்காரனுக்கு லாபம்.

அந்தப் பணத்தைக் கொண்டு போயிக் குழந்தைவேலு கடைல வெச்சேன். "உன்ற பாக்கி முச்சூடும் எடுத்துக்க. நாளைல இருந்து உனக்குப் பாலு இல்ல"ன்னேன்.

அவன் சிரிச்சான். "பாலை எங்கீங்க ஊத்துவீங்க, கெணத்துலயா?"

எங்கூர்ல பால் சொசைட்டி கெடையாது. பக்கத்தூருக்குப் போகோணும். அதுவும் வெள்ளெனாப் போயிச் சேரோணும், இல்லீன்னா பால் வண்டி போயிரும். மொத நாளு கேனைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னேன். கண்டக்டரு பால் கேனை ஏத்த மாட்டேன்னுட்டான். சிந்தும், வாசம் வரும்னு. நான் உடுவனா? தலைல சும்மாடு வெச்சுத் தூக்கிட்டு நடந்தேன். போயிச் சேர்றப்ப வண்டி கெளம்பிருச்சு. அத்தனை பாலையும் ஊட்டுக்கு எடுத்துட்டு வந்து தயிரு போட்டு, அக்கம்பக்கத்துக்குக் குடுத்தேன். குழந்தைவேலு ரோட்டுல நின்னு பாத்துட்டே இருந்தான். பாவாயி பால்ல தண்ணி ஊத்துனா, அதான் சொசைட்டில திருப்பி உட்டுட்டாங்கன்னு ஊருக்குள்ள சொல்லிட்டான்.

என்னை வேற என்ன வேணா சொல்லிருந்தா பொறுத்திருப்பேன். தண்ணி ஊத்துனான்னு சொன்னா நான் விடுவனா?

சுகந்தி அவங்கப்பன் ஊட்டுல இருக்கறப்பவே மொபெட் ஓட்டுவாளாம். எனக்குத் தெரியாது. அடுத்த நாளு வெள்ளெனா அவளே எங்கூட்டுக்காரரோட மொபெட்டை வெளிய எடுத்து, முன்னால கேனை வெச்சுக் கவுறு போட்டுக் கட்டிட்டு, "ஏறுங்க அத்தை"ன்னா. நான் பின்னால உக்காந்துக்கிட்டேன். குழந்தைவேலு கடை வாசல்ல போறப்ப, "மெதுவாப் போ கண்ணு, அவன் நல்லாப் பாக்கட்டும்"னு சொன்னேன். மெதுவாத்தான் போனா.

சொசைட்டில கருவி போட்டுப் பாத்தாங்க. நான் அந்த ஆளோட மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன். அவரு ரெண்டாவது தடவை போட்டுப் பாத்துட்டு, "என்னங்கம்மா தீவனம் வெக்கறீங்க, இவ்வளவு கொழுப்பு இருக்குது"ன்னாரு. வரிசைல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அதுல எங்கூர்க்காரங்க ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்க போயி ஊர்ல சொல்லட்டும்னு நான் வேணும்னே சத்தமாக் கேட்டேன், "தண்ணி எத்தனை இருக்குதுங்க?" அவரு, "தண்ணியா, உங்க பால்ல நாங்கதான் தண்ணி ஊத்திக் குடிக்கோணும்"னாரு.

அன்னைல இருந்து காலைலயும் பொழுதோடயும் வண்டிதான். நான் எதுக்கு வீணாப் பின்னால உக்காந்துட்டுப் போறதுன்னு அப்புறம் சுகந்தியே போயிட்டு வந்துருவா. சும்மா வண்டி ஓட்டறதுதான, என்ன கஷ்டம்.

மழைக்கு முந்தி இவரு வந்தாரு. பைய வெச்சதும் நேரா கட்டுத்தரைக்குப் போனாரு.

"எங்கடி ராஜாத்தி?"

"வித்துட்டேன்."

"ஆரைக் கேட்டு வித்தே?"

"ஆரைக் கேட்டு வாங்குனீங்க?"

"மாடு எம் பேர்ல இருக்குது பாவாயி."

"பேரு உங்களுது. சாணி என்னுது. எது கனம்னு தூக்கிப் பாருங்க."

இந்த வார்த்தைய நான் முன்கூட்டி யோசிச்சு வெக்கலீங்க. வாய்ல வந்துருச்சு. அவரு குரலை எறக்கி, "புருசன் பொண்டாட்டிக்குள்ள எம் பேரு உம் பேருன்னு என்ன இருக்குது? ஒரே அடுப்புலதான திங்கறோம்"னாரு.

எனக்கு அதுலதான் கோவம் எச்சாச்சு. ஒரே அடுப்புன்னா, அப்ப எம் பேர்ல இருந்தா என்ன? இத்தனை வருசம் கறந்த பாலு அத்தனையும் செங்கோடன் பாலுன்னுதான் போச்சு. பாவாயின்னு ஒருத்தி மடிக்கு அடில உக்காந்திருந்தது ஒரு பேப்பர்லயாவது இருக்குதா? "சொசைட்டில எம் பேர்லதான் உறுப்பினர் போடுவேன். இல்லீன்னா மீதி ரெண்டையும் நீங்களே கறந்துக்குங்க"ன்னுட்டேன். அவரு கோவிச்சுக்கிட்டு அவங்க அக்கா ஊட்டுக்குப் போயிட்டாரு. நான் கூப்புடப் போகல. அக்கா ஊட்டுச் சோறு எத்தனை நாளைக்கு எறங்கும்? வந்தாரு. வந்து, கையெழுத்துப் போடற எடத்துல போட்டாரு. இப்ப டீக்கடைல உக்காந்துட்டு, ராஜாத்திய விக்கச் சொன்னதே நான்தான்னு சொல்றாராம். சொல்லிக்கட்டும். ஆம்பளைக அப்படித்தான்.

டிக்கெட்டுங்களா? எடுத்துட்டேன் கண்டக்டர். பிரிவு வந்தாச் சொல்லுங்க.

எங்க உட்டேன்? ஆங். அதுக்கப்புறம் ஏறுமொகம்தான். வரப்பு முச்சூடும் மாட்டுத் தீவனத்துக்கு வேலிமசால் போட்டோம். கட்டுத்தரை கழுவற தண்ணி அதுக்கே பாயற மாதிரி வாய்க்கால் வெட்டியாச்சு. சுகந்திதான் வெட்டுனா, நான் எடத்தைக் காட்டுனேன். மூட்டை வாங்கறது கொறைஞ்சு போச்சு. அப்புறம் இன்னொண்ணு சொல்றேன், இதை அந்தப் போன்ல பேசற ஆளு சொல்ல மாட்டான். மாடு வருசத்துக்கு ஒரு கன்னு போட்டாத்தான் லாபம். பருவம் தவறிப் போச்சுன்னா கறவை வத்தி, சும்மா தின்னுட்டு நிக்கும். சில மாடு பருவத்துல கத்தவே கத்தாது. கூழைக்கொம்பி அந்த மாதிரி. கமுக்கமா நிக்கும். பாக்கறவ கண்ணுல பட்டாத்தான் உண்டு. சுகந்திக்கு அதுல ஒரு கண்ணு. கட்டுத்தரை கூட்டறப்பவே, "அத்தை, இன்னைக்குக் கூழைக்கொம்பிக்குச் சினை ஊசி போடறவரக் கூப்புடோணும்"பா. சொன்னாச் சரியா இருக்கும். எனக்கும் தெரியும்தான். நான் மத்த சோலில இருப்பேன்.

கூழைக்கொம்பி கெடாரிக் கன்னு போட்டுச்சு. செவலையும் கெடாரி போட்டுச்சு. போன வருசம் சொசைட்டில ஆண்டுக் கூட்டம் போட்டு, நல்ல பாலு ஊத்துனதுக்கு எனக்கு எவர்சில்வர் குடம் குடுத்தாங்க. மைக்கைக் கைல குடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் பயப்படல. "ஒத்தைப் பொம்பளையா நின்னு ஜெயிச்சேன். புருசன் தொணையில்ல, யாவாரி தொணையில்ல, ஒரு சனம் தொணையில்ல"ன்னு சொன்னேன். கை தட்டுனாங்க பாருங்க, அந்தக் கொட்டாயே அதிந்துச்சு. சுகந்தி பின்னால வாசல்ல நின்னுட்டிருந்தா, காலிக் கேனைக் கழுவிட்டு. அவளும் தட்டுனா. தட்டிருப்பா. நான் பாக்கல.

அதுக்கப்புறம்தான் அவளுக்கு என்னமோ ஆயிப் போச்சு.

ஒரு நாளு கறவை முடிஞ்சு சோத்துக்கு உக்காந்தப்ப கேட்டா, "அத்தை, செவலைப் பாலை மட்டும் எம் பேர்ல ஊத்தட்டுங்களா? நானும் ஒரு உறுப்பினர் ஆயிக்கறேன்."

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. "எதுக்குக் கண்ணு? உம் பேரு எம் பேருன்னு நமக்குள்ள என்ன இருக்குது? ஒரே அடுப்புதான?"ன்னேன். நல்லபடியாத்தான் சொன்னேன். ஒரு சுடு வார்த்தை பேசல. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்புறமும் எல்லா வேலையும் செஞ்சா. ஒரு கொறை சொல்ல முடியாது. பேச்சுத்தான் கொறைஞ்சு போச்சு. செவலைக்கு நெற மாசம் நெருங்கறப்ப ஒரு காலைல அவங்கப்பன் குட்டி யானை வண்டியோட வந்து நிக்கறாரு. சுகந்தி செவலைய ஏத்துனா, அதோட கெடாரியயும் ஏத்துனா. கட்டுத்தரையக் கூட்டி, கூழைக்கொம்பிக்குத் தண்ணி காட்டிட்டு வந்து, "போயிட்டு வரேனுங்க அத்தை"ன்னா. சண்டையில்ல, அழுகையில்ல. சண்டை போட்டிருந்தாலாவது நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மகனுக்குப் போனு போட்டேன். "உங்க ரெண்டு பேரு மாட்டுப் பஞ்சாயத்துல என்னை இழுக்காதீங்கம்மா"ன்னுட்டு வெச்சுட்டான்.

இப்ப அங்க அவங்க ஊரு சொசைட்டில அவ பேர்லயே உறுப்பினர் ஆயிருக்கறாளாம். அவங்கப்பன் காட்டுல மாட்டுக்குச் சோளம் போட்டிருக்கறாளாம். சொன்னாங்க.

எனக்கென்ன? நான் ராஜாத்திய வித்தவ. புருசனை எதுத்தவ. ஒரு மருமக போனா மாடு நின்னு போயிருமா? கூழைக்கொம்பி இருக்குது, அதோட கெடாரி இருக்குது. பாலு இப்பக் கொஞ்சம் கொறைவுதான், அது வெய்ய நாளு, எல்லா ஊட்டுலயும் கொறையும். பருவம் ஒண்ணு தப்பிப் போச்சு, அதுவும் வெய்யிலுக்குத்தான். கேனு கொண்டு போறதுக்கு இவரு மொபெட்டு எடுத்தாரு. இடுப்பு நோவோட என்ன பண்ணுவாரு பாவம், வாய்க்கால் மேட்டுல வண்டியோட சாஞ்சுட்டாரு. அன்னைக்குப் பாலு முச்சூடும் வேலிமசால் குடிச்சுச்சு. முட்டிய ஒடைச்சுட்டு வந்து உக்காந்துட்டுச் சொல்றாரு, "அந்தப் புள்ள எப்படித்தான் தெனமும் ஓட்டுச்சோ." எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. மஞ்சப் பத்துப் போட்டுட்டே, "வாய மூடுங்க"ன்னேன்.

அப்புறம் நேத்து குழந்தைவேலு வந்தான் பாருங்க. வாசல்ல நின்னுட்டு, "ஏனுங்க்கா, மறுபடியும் நம்மகிட்டயே ஊத்திருங்களேன், வண்டி ஊட்டு வாசலுக்கே வரும்"னான். அதே பல்லு. நான், "உனக்கு ஊத்தறதுக்குப் பதிலா கன்னுக்குட்டிக்கே உட்டுருவேன், போடா"ன்னு தாட்டி உட்டேன்.

என்ன கேட்டீங்க? அவ பேர்லயும் போட்டுருக்கலாமேன்னா? ஏன் தம்பி, போட மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? எதுக்குன்னுதான கேட்டேன். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க, எதுக்குன்னு கேக்கறது ஒரு தப்பா? எனக்கு எதுக்குன்னு தெரியாதான்னு கேட்டாத் தெரியும். அவ வாயத் தொறந்து சொல்லிருக்கோணும். நான் அவருகிட்டச் சொல்லலையா? நின்ன எடத்துல மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அப்படிச் சொல்லோணும். மாமியான்னா பயமா? இவ பேசாமப் போறா. பேசாமப் போறவளுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

நான் ஒண்ணும் கூப்புடப் போகலைங்க இப்ப. செவலை கன்னு போட்டிருக்குது, அதைப் பாக்கப் போறேன். எங்க கட்டுத்தரைல நின்ன மாடு, எனக்குப் பாக்கோணும்னு இருக்காதா? பைல என்னங்களா? வேலிமசால் விதை. சோளத்தை நம்பிட்டு இருந்தா வெய்யக்காலத்துல என்ன பண்ணுவா, அவளுக்கு அந்த யோசனை இருக்கோணுமே. விதை குடுக்கறதுனால நான் எறங்கி வந்தேன்னு ஆரும் நெனைக்க வேண்டாம்.

அவ வந்தான்னா வரட்டும். ரெண்டு கேனு வெக்கலாம். அவளுது அவ பேர்ல, என்னுது எம் பேர்ல. ஆர் பாலு கெட்டின்னு அந்தக் கருவி சொல்லட்டும். ஜெயிச்சுருவான்னு நெனைக்கறீங்களா? கூழைக்கொம்பிப் பாலைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஆனா மொதல்ல நான் சொல்ல மாட்டேன். அவ கேக்கட்டும். இன்னொருக்கா கேட்டாச் சரின்னு சொல்றதா இருக்கறேன். கேக்கலீன்னா, கன்னைப் பாத்துட்டு, விதையக் குடுத்துட்டு, அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். எனக்குப் பொழுதோடக் கறவை இருக்குது. இன்னைக்கு ஒரு நாளு பக்கத்துக் காட்டுப் புள்ளையக் கறக்கச் சொல்லிட்டு வந்திருக்கறேன், இருந்தாலும்.

வையப்பமலை தாண்டிட்டமா? அப்பக் கிட்ட வந்துருச்சு.

தம்பி, ஒரு ஒத்தாசை. இந்தாங்க என்ற போனு. இதுல சுகந்தின்னு இருக்கும் பாருங்க. நான் போட்டா நான் பேசோணும். நீங்க போட்டு நீங்க பேசுங்க. பாவாயி பிரிவுல எறங்கறா, வண்டி எடுத்துட்டு வரச் சொன்னான்னு சொல்லுங்க. அது போதும். வேற நாம பேசுனது ஒண்ணும் சொல்ல வேண்டாம். விதையச் சொல்ல வேண்டாம்.

அடிக்குதா?

எடுத்துட்டாளா. சொல்லுங்க, சொல்லுங்க.

என்ன சொல்றா? கறவைல உக்காந்திருக்கறாளா. சத்தம் கேக்குதா, பாலு பீச்சற சத்தம்? கறந்து முடிச்சுட்டுத்தான் வர முடியுமாமா. அதுவரைக்கும் பிரிவுல புளியமரத்து நெழல்ல உக்காந்திருக்கச் சொல்றாளா.

சொல்றா பாருங்க. மாமியா வந்து ரோட்டுல நிக்கறா, கறவை முடிச்சுட்டு வர்றாளாம்.

அதான் சரி தம்பி. கன்னு போட்ட மாடு, பாதிக் கறவைல எந்திரிச்சா மடி கட்டிக்கும். நான் வந்துட்டேன்னு அதை உட்டுப்போட்டு ஓடியாந்திருந்தான்னு வெய்யுங்க, நான் எறங்கியே இருக்க மாட்டேன். இந்தப் பஸ்ஸுலயே ராசிபுரம் போயித் திரும்பிருப்பேன்.

எத்தனை நேரமானாலும் உக்காந்திருக்கறேன்னு சொல்லுங்க. இல்ல, வேண்டாம். அதைச் சொல்லாதீங்க. சரின்னு மட்டும் சொல்லி வெச்சுருங்க.